அரை வறண்ட மலைச்சரிவுகளின் கல்மண்: இயல்புகளும் மதிப்பிடும் முறையும்

கேட்கப்பட்டவை மூன்று. மழை குறைந்த மலைச்சரிவுகளில் கல்லும் மணலும் கலந்து கிடக்கும் மண்ணின் இயல்புகள் யாவை? சத்துகள் ஓரளவு இருப்பதாக மண் ஆய்வறிக்கை சொல்லியும் அங்கே நட்டவை ஏன் விரைவில் வாடுகின்றன? கற்களைப் பொறுக்கி அப்புறப்படுத்தினால் மண் திருந்துமா? மூன்று கேள்விகளும் கல்லைப் பற்றியவை. கல்லை மண்ணுக்குள் வந்து விழுந்த அந்நியப் பொருளாகக் கருதும் வரை இந்த மண் புரியாது. அது மண்ணின் ஓர் உறுப்பு. எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, எந்த நிலையில் கிடக்கிறது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்பவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் மற்ற இயல்புகள் பெரும்பாலும் தாமே விளங்கிவிடும்.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓரிடத்தில் பெய்யும் ஆண்டு மழையை, அங்கே நீர் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தால் நிலமும் செடிகளும் சேர்ந்து ஆவியாக்கக்கூடிய நீரின் அளவால் வகுத்து வரும் எண் 0.20 முதல் 0.50 வரை இருந்தால் அந்த இடத்தை அரை வறண்ட நிலம் என்பது பன்னாட்டு வழக்கு. மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாததற்குக் காரணம் இதுவே. குளிர்ச்சியான மேட்டு நிலத்தில் 300 மில்லிமீட்டர் மழை தாக்குப்பிடிக்கும். வெயில் கடுமையான தாழ்நிலத்தில் 600 மில்லிமீட்டர் பெய்தும் போதாமல் போகும். அந்த மழையும் பரவலாகப் பெய்வதில்லை. சில நாட்களில், சில மணி நேரங்களில் கொட்டித் தீர்ப்பது இந்நிலங்களின் வழக்கம். சரிவான தரையும் மெல்லிய மண்ணும் இத்தகைய மழையை எப்படி எதிர்கொள்கின்றன என்பதுதான் கீழே வரும் பலவற்றுக்கும் அடிப்படை.

இந்த மண் பெரும்பாலும் தன் காலடியில் உள்ள பாறையிலிருந்தோ சரிவில் சற்று மேலே உள்ள பாறையிலிருந்தோ பிறந்தது. கிரானைட்டை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள கரும் மைக்கா முதலில் ஈரத்தையும் ஆக்சிஜனையும் ஏற்று உப்புகிறது. அந்த உப்பலே சுற்றியுள்ள படிகங்களை நெம்பிப் பிரிக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மெதுவாகக் களியாக மாறுகிறது. குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய மாறாமல் மணலாக எஞ்சுகிறது. ஈரப்பதமான நாட்டில் இந்த வேதிமாற்றம் தொடர்ந்து நடந்து ஆழமான களிமண்ணில் போய் முடியும். அரை வறண்ட சரிவில் ஈரம் சில வாரங்களே நீடிப்பதால் மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. பாறை உதிர்கிறது, ஆனால் சிதைந்து முடிவதில்லை. விரலால் நசுக்கினால் பொடியாகும் சரளையும் கூர்முனை மழுங்காத மணலும் இதன் அடையாளங்கள். ஆற்று மணலைப் போல உருண்டு தேயாத மணல் இது. மணற்பாறையும் குவார்ட்சைட்டும் உள்ள மலைகளில் களி உண்டாக மூலப்பொருளே குறைவு. சுண்ணாம்புப் பாறை மலைகளில் நிலைமை வேறு. பாறையின் பெரும்பகுதி கரைந்து போய்விட, எஞ்சிய சிறிதளவு களி கற்களின் இடுக்குகளில் மட்டும் தங்கும்.

மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வகுத்த ஐந்து மண்ணாக்கக் காரணிகளான தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம் ஆகியவற்றில் இங்கே நில அமைப்புக்கு மற்ற நான்கையும் மீறிய கை உண்டு. பாறை மண்ணாகும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையில்தான் இருக்கும். உண்டான சிறிதளவு களியையும் வண்டலையும் சரிவில் ஓடும் நீர் பொறுக்கி எடுத்துக் கீழே இறக்கிவிடுகிறது. நீரால் நகர்த்த முடியாத பருமணலும் கல்லும் தங்கிவிடுகின்றன. எனவே இந்த மண் வயதில் முதிர்ந்திருந்தாலும் அமைப்பில் இளமையாகவே இருக்கிறது. தெளிவான அடுக்குகள் அதில் உருவாவதில்லை. பன்னாட்டு மண் வகைப்பாட்டில் இவற்றுள் பல லெப்டோசால் என்ற வகையில் சேரும். தொடர்ச்சியான பாறை 25 சென்டிமீட்டருக்குள் தட்டுப்பட வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டர் ஆழம் வரை நுண்மண், அதாவது 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள், கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். உலகில் மிக அதிகப் பரப்பில் விரிந்துள்ள மண் வகையும் இதுவே. ஏறத்தாழ 165 கோடி ஹெக்டேர். சற்று ஆழமாகவும் உதிரியாகவும் இருப்பவை ரெகோசால் என்ற பெயர் பெறும். அமெரிக்க வகைப்பாடு இவற்றைப் பெரும்பாலும் என்டிசால் என்ற இளமண் வரிசையில் வைத்து, கன அளவில் 35 விழுக்காட்டுக்கு மேல் கல் இருந்தால் எலும்புக்கூடு மண் என்ற பொருள்படும் அடைமொழியையும் சேர்க்கிறது.

இனி ஆய்வறிக்கைக்கு வருவோம். ஆய்வகத்துக்குப் போகும் மண் முதலில் உலர்த்தப்பட்டு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கப்படுகிறது. சல்லடைக்கு மேலே தங்கும் சரளையும் கல்லும் ஒதுக்கப்படுகின்றன. கீழே விழுந்த நுண்மண்ணில்தான் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கரிமம் எல்லாம் அளக்கப்படுகின்றன. அறிக்கையில் உள்ள எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை நிலத்தின் ஒரு பகுதியை மட்டுமே பேசுகின்றன. ஒரு ஹெக்டேரில் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணின் கன அளவு 3,000 கன மீட்டர். கல்லே இல்லாமல், கன மீட்டருக்கு 1.4 டன் அடர்த்தி என்று கொண்டால் 4,200 டன் நுண்மண் இருக்கும். கன அளவில் பாதி கல் என்றால் அது 2,100 டன்னாகிவிடும். கரிமம் 0.8 விழுக்காடு என்று இரண்டு நிலங்களின் அறிக்கைகளும் ஒன்றுபோலச் சொன்னாலும், ஒரு நிலத்தில் சுமார் 34 டன் கரிமமும் மற்றதில் 17 டன்னும்தான் உண்மையில் இருக்கும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் உரப் பரிந்துரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. மலைநிலத்தைப் பொறுத்தவரை அது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

கல்லின் பங்கை எடையாலும் அளக்கலாம், கன அளவாலும் அளக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.6; நுண்மண்ணின் அடர்த்தி 1.4. எடையில் 60 விழுக்காடு கல் இருக்கும் மண்ணில், கன அளவில் கல்லின் பங்கு 45 விழுக்காடுதான். வேருக்கும் நீருக்கும் இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டிய இடத்தில் கன அளவே பயன்படும். குழி வெட்டி, எடுத்த மண்ணை எல்லாம் சலித்து, கற்களை நீர் நிறைந்த பாத்திரத்தில் போட்டு வெளியேறும் நீரை அளந்தால் இந்த எண் கிடைத்துவிடும். குழியின் மொத்தக் கன அளவை அறிய, அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து விளிம்பு வரை நீர் நிரப்பி அளப்பார்கள்.

வாடலுக்கான காரணமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. மணற்பாங்கான நுண்மண், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீராகத் தன் கன அளவில் சுமார் 10 விழுக்காட்டைப் பிடித்து வைக்கும். மண் 40 சென்டிமீட்டர் ஆழம், அதில் பாதி கல் என்றால், 400 மில்லிமீட்டரில் பாதி 200. அதில் பத்தில் ஒரு பங்கு 20 மில்லிமீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் செலவானால் முழுதாக நனைந்த மண்ணும் நான்கே நாட்களில் வறண்டுவிடும். ஒரு மீட்டர் ஆழமுள்ள, மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த சமவெளி மண் 150 மில்லிமீட்டருக்கு மேல் சேமித்து, ஒரு மாதம் தாங்கும். சரிவில் நட்ட கன்று சத்துக் குறைவால் வாடுவதாக நினைத்து உரத்தைக் கூட்டினால், ஏற்கெனவே நீர் குறைந்த மண்கரைசலில் உப்பு அடர்த்தி ஏறி வாடல் இன்னும் விரைவுபடும். கற்களின் வகையும் இங்கே முக்கியம். கிரானைட்டும் குவார்ட்சும் ஏறக்குறைய நீரே பிடிக்காதவை. நன்கு சிதைந்த மணற்பாறை, துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், எரிமலைச் சாம்பற்பாறை ஆகியவை கணிசமான நீரைப் பிடித்து வைத்து, மண் உலர உலரச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும்.

இதுவரை சொன்னது கல்லின் மீதான குற்றச்சாட்டு. அதன் மறுபக்கத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பத்து மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த களிமண் தன் கன அளவில் 30 விழுக்காடு அளவுக்கு அந்த நீரைப் பிடித்துக்கொண்டால், ஈரம் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. அடுத்த இரண்டு நாள் வெயிலில் முழுவதும் ஆவியாகிவிடும். மணல்மண்ணில் அதே மழை பத்து சென்டிமீட்டர் இறங்கும். பாதி கல் கலந்த மணல்மண்ணில், நீரை ஏற்கும் நுண்மண் பாதியே இருப்பதால், ஈரம் இருபது சென்டிமீட்டர் வரை போய்விடும். மேல்மண் காய்ந்ததும் மணல் துகள்களுக்கிடையே நீர் ஏறிவரும் நுண்ணிய தொடர்ச்சி அறுந்துபோக, சில சென்டிமீட்டர் தடிப்புள்ள உலர்ந்த மேலடுக்கே அடியில் உள்ள ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. வறண்ட நிலங்களில் பருமணல் மண்ணே களிமண்ணைவிடச் செழிப்பான தாவரங்களைத் தாங்குகிறது என்பதையும், மழை கூடக் கூட இந்நிலை தலைகீழாகிறது என்பதையும் சூழலியலாளர் நோய்-மீர் 1973-இல் எடுத்துக் காட்டினார். இரண்டு மண்ணும் சமமாகும் இடம் ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டர் வரை உள்ள பகுதி என்றார். நாம் பேசும் அரை வறண்ட சரிவுகள் பெரும்பாலும் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்பவை. எனவேதான் இந்த மண்ணைப் பற்றி ஒருவர் நல்லது என்பதும் மற்றொருவர் கெட்டது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது. மழை சிறு சிறு தூறலாக வரும் ஆண்டில் கல்மண் வெல்லும். நீண்ட இடைவெளி விட்டுப் பெருமழை பெய்யும் ஆண்டில் அதன் குறுகிய சேமிப்பு தோற்கும்.

மேற்பரப்பில் கிடக்கும் கல் வேறொரு வேலையையும் செய்கிறது. மணல்மண்ணில் நீர் எளிதில் இறங்கும் என்பது பொதுவிதி. தடையில்லாத மணல்மண் மணிக்கு 20 முதல் 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உள்வாங்கும். ஆனால் மூடாக்கு இல்லாத மணல்மண்ணில் பெரிய மழைத்துளி விழும்போது, அதிலுள்ள சிறிதளவு களியும் வண்டலும் கலங்கி மேலேயுள்ள துளைகளை அடைத்து, சில மில்லிமீட்டர் தடிப்புள்ள இறுகிய தோல் ஒன்றை உண்டாக்கிவிடும். அதன் பிறகு மணலும் களிமண்ணைப் போலவே நீரை வழியவிடும். மேலே கல் தளர்வாகக் கிடந்தால், துளியின் அடியைக் கல் வாங்கிக்கொள்கிறது; கல்லின் அடியில் மண் தளர்வாகவே இருந்து, கல்லின் மேல் வழிந்த நீரையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அதே கல் இறுகிய தோலுக்குள் பாதி புதைந்து ஒட்டிக்கிடந்தால் விளைவு நேர்மாறானது. நீர் இறங்கும் பரப்பைக் குறைத்து ஓட்டத்தை அது கூட்டுகிறது. பெல்ஜிய ஆய்வாளர் ஜான் போசெனும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டைச் சோதனைகளால் தெளிவுபடுத்தினர். களத்தில் இதைக் காண அரை நிமிடம் போதும். கல்லைக் காலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். உருண்டால் அது காவலன். அசையாமல் தரையோடு ஒட்டியிருந்து, பெயர்த்தெடுத்தால் அச்சுப் போன்ற குழியை விட்டுச் சென்றால் மண் இறுகிவிட்டது என்று பொருள்.

கற்களைப் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு விடையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அரை வறண்ட நிலத்தைவிட வறண்டதான, இஸ்ரேலின் நெகேவ் மேட்டுநிலத்தில், பழங்காலத்தவர் சரிவுக் கற்களைக் குவியல்களாகவும் வரிசைகளாகவும் ஒதுக்கிவைத்த தடயங்கள் விரிந்து கிடக்கின்றன. கல் நீக்கப்பட்ட தரை விரைவில் இறுகிக் கூடுதல் நீரை வழியவிட்டதையும், அந்த நீரைப் பள்ளத்து வயல்களுக்குத் திருப்ப முடிந்ததையும் தாவரவியலாளர் எவெனாரியின் குழு அங்கே பரிசோதித்துக் காட்டியது. நீர் அறுவடையே நோக்கமென்றால் கல்லை நீக்குவதில் பொருள் உண்டு. அந்தச் சரிவிலேயே எதையாவது வளர்க்க வேண்டும் என்றால், மேற்பரப்புக் கல்லை நீக்குவது நீரையும் மண்ணையும் சேர்த்தே கீழே அனுப்புவதாகும். உழவுக் கருவிக்குத் தடையாகும் பெரிய கற்களை மட்டும் எடுத்து, அவற்றைச் சம உயரக் கோட்டில் கல்வரப்பாக அடுக்குவதே நடுவழி.

மண் 30 சென்டிமீட்டரில் முடிந்து பாறை தொடங்கிவிட்டது என்று எழுதும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. பாறை எந்தப் பாறை? வெடிப்பே இல்லாத கடும்பாறை என்றால் அங்கே வேரின் பயணம் முடிந்தது. ஆனால் சிதையத் தொடங்கிய கிரானைட் பல மீட்டர் ஆழத்துக்கு நீரைப் பிடிக்கும் நுண்துளைகளோடு இருக்கும். தென் கலிபோர்னியாவின் சப்பரல் புதர்க்காடுகளில் மேலே உள்ள மெல்லிய மண்ணின் நீர் கோடையின் தொடக்கத்திலேயே தீர்ந்த பின்னும், சிதைந்த பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கிய வேர்களால் செடிகள் உயிர்பிழைக்கின்றன. கடப்பாரையின் ஓசையே இதற்குச் சோதனை: கணீரென்று ஒலித்தால் கடும்பாறை; மந்தமாக ஒலித்து முனை உள்ளே இறங்கினால் வேருக்கும் வழி உண்டு. மரங்கள் நிற்கும் இடங்களைக் கூர்ந்து பார்த்தாலும் பாறை வெடிப்புகளின் வரிசையை ஊகித்துவிடலாம். பெரிய பாறையின் விளிம்பில் மட்டும் புதர்கள் அடர்ந்து நிற்பதற்கும் காரணம், பாறையில் பெய்த மழை முழுவதும் வழிந்து அந்தக் குறுகிய ஓரத்தில் இறங்குவதே.

குழியிலிருந்து கையளவுக் கல் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பல சரிவுகளில் அதன் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். மேலிருந்து இறங்கும் நீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, கல்லின் அடியில் துளியாகத் தொங்கி, வேர் உறிஞ்சியோ ஆவியாகியோ போனதும் சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். தாய்ப்பாறையில் சுண்ணாம்பே இல்லாத கிரானைட் மலையிலும் இது காணப்படும். காற்று கொண்டுவந்து படியவிடும் தூசியே அங்கே சுண்ணாம்புக்கு முக்கிய வாயில். மண்ணியலாளர்கள் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் நியூ மெக்சிகோவில் செய்த ஆய்வின் அடிப்படையில் 1966-இல் இந்தச் சேர்மானத்தை நான்கு நிலைகளாக வகுத்தனர்: முதலில் கல்லின் மேல் மெல்லிய பூச்சு, பிறகு கல்லுக்குக் கல் பாலம், பிறகு இடைவெளிகள் எல்லாம் அடைபட்ட இறுகல், கடைசியில் அதன்மேல் தகடு தகடாகப் படிந்த சுண்ணாம்பு அடுக்கு. சரளை மண்ணில் நிரப்ப வேண்டிய இடைவெளி குறைவு என்பதால், அதே அளவு சுண்ணாம்பு அங்கே விரைவாக அடுத்த நிலையை எட்டும். வெள்ளைப் பூச்சின் ஆழம் மழைநீர் வழக்கமாக எதுவரை நனைக்கிறது என்பதற்கான பதிவேடு. அதற்குக் கீழே நீர் ஆண்டுதோறும் போவதில்லை. கடைசி நிலையை எட்டிய சுக்கான் அடுக்கு மட்டும் வேரையும் நீரையும் தடுத்துவிடும்.

சத்துகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மணல், சத்து அயனிகளைப் பிடித்துவைக்கும் பரப்பு குறைந்தது. அந்தப் பிடிப்பை அளக்கும் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் நூறு கிராமுக்கு 5 மில்லிச்சமானம் என்ற அளவைப் பல இடங்களில் தாண்டாது. அதே அளவு மட்கு 150-க்கு மேல் பிடிக்கும். ஆகவே இந்த மண்ணில் ஒரு விழுக்காடு மட்கு கூடுவதே பெரிய வளம். தழைச்சத்தை ஒரே தவணையில் இடுவது அடுத்த பெருமழைக்குத் தானம் செய்வதற்குச் சமம். சுண்ணாம்பு கலந்த மண்ணில் கார அமில நிலை 7.5 முதல் 8.4 வரை நின்று, மணிச்சத்தைக் கால்சியத்தோடு பிணைத்து, இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் செய்யும். இளந்தளிர் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவது அதன் குறி. உவர்த்தன்மை சரிவில் பொதுவாக ஒரு சிக்கலாவதில்லை, வடிகால் நன்றாக இருப்பதால் உப்பு அடிவாரத்துக்குப் போய்விடும். கவனிக்க வேண்டிய மற்றொன்று, சத்து பரவியிருக்கும் விதம். புதரின் கீழே உதிர்ந்த இலையும் காற்றில் வந்து சிக்கிய தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து கரிமத்தைக் குவிக்கும். இரண்டடி தள்ளிய வெட்டவெளியில் அதில் பாதிகூட இருக்காது. புதரடியிலும் வெளியிலும் எடுத்த மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் இரண்டையுமே குறிக்காத ஒரு சராசரி கிடைக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் மண் நனையும்போது நுண்ணுயிர்கள் பெருகித் தழைச்சத்து திடீரென வெளிப்படுவதை கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஆய்வாளர் பர்ச் 1958-இல் விளக்கினார். முதல் மழைக்கு வேர் தயாராக இருக்கும் செடிக்குத்தான் அந்த வரவு.

ஒரே மலையில் மண் எங்கும் ஒன்றல்ல. முகட்டிலும் மேற்சரிவிலும் பாறை தலைகாட்டும். நடுச்சரிவு, மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே கொடுக்கும் இடைவழி. அடிச்சரிவில் வண்டலும் களியும் சேர்ந்து மண் ஆழமாகும். மண்ணியலாளர் மில்னே 1935-இல் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளைக் கொண்டு விளக்கிய மண்தொடர் இதுதான். பாறைச் சரிவின் அடியில் தளர்வாகக் கொட்டிக்கிடக்கும் கற்குவியல்களில் மட்டும் ஒழுங்கு வேறாக இருக்கும். உருண்டு விழும் பெருங்கல் அதிகத் தொலைவு போவதால் மிகப் பெரியவை அடியிலும் சிறியவை மேலேயும் தங்கும். அவற்றின் சாய்வு 30 முதல் 37 பாகைக்குள் தானே அமைந்துவிடும்; அதற்கு மேல் தளர்வான கல் நிலைகொள்ளாது. சரிவு எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில் தெற்கு நோக்கிய சரிவு அதிக வெயில் வாங்கி, மெல்லிய மண்ணும் குறைந்த மட்கும் சிதறிய புதர்களுமாக நிற்க, நூறு மீட்டர் தள்ளி வடக்கு நோக்கிய சரிவில் மண் ஆழமாகவும் கருமையாகவும் இருக்கும். தென் அரைக்கோளத்தில் இது மாறிவரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த வேறுபாடு மங்கிவிடும்.

மண் அரிப்பில் இந்நிலங்களுக்கு ஒரு துயரமான முதலிடம் உண்டு. ஆய்வாளர்கள் லாங்பீனும் ஷூமும் 1958-இல் அமெரிக்க ஆறுகளின் வண்டல் அளவுகளை ஒப்பிட்டபோது, ஆற்றில் வந்து சேரும் வண்டல் உச்சத்தை எட்டுவது பாலைவனத்திலும் அல்ல, மழை மிகுந்த காட்டிலும் அல்ல, பயனுறு மழை, அதாவது வெப்பநிலையைக் கணக்கில் கொண்டு திருத்திய மழையளவு, ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் உள்ள பகுதிகளில்தான் என்று கண்டனர். அதைவிடக் குறைந்தால் அடித்துச் செல்ல நீரில்லை. அதைவிடக் கூடினால் புல்லும் மரமும் தரையை மூடிவிடுகின்றன. இடைப்பட்ட இடத்தில் மழைக்கு வலு இருக்கிறது, தரைக்குப் போர்வை இல்லை. மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்பதால் எளிதில் பெயரும். ஆனால் கனமானவை என்பதால் மென்சரிவில் தொலைவு போகாது. வண்டலும் மிக நுண்ணிய மணலுமே அதிகம் போகின்றன. போகும் அவற்றில்தான் மண்ணின் சத்தும் நீர்ப்பிடிப்பும் பெரும்பகுதி இருக்கிறது. எனவே எத்தனை டன் போனது என்பதைவிட, எது போனது என்பதே இங்கே இழப்பின் அளவுகோல். புதர்களுக்கிடையே கருத்த பொருக்குப் போலப் படர்ந்திருக்கும் உயிர்த்தோல், அதாவது நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் மாஸ் என்னும் சிறு பாசிச்செடிகளும் சேர்ந்து மணலைப் பின்னிக் கட்டிய மெல்லிய படலம், தழைச்சத்தையும் சேர்த்து, தரையையும் பிடித்து நிறுத்துகிறது. கால்நடைகளின் குளம்பும் வண்டிச் சக்கரமும் ஒரு முறை உடைத்தால் அது மீள ஆண்டுகள் பல ஆகும்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு சரிவை மதிப்பிட விரும்புவோர், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன் ஒரு குழியை வெட்ட வேண்டும். பாறை அல்லது சுக்கான் அடுக்கு வரும் ஆழம், கன அளவில் கல்லின் பங்கு, கல்லின் அடிப்பக்கப் பூச்சு, வேர்கள் எங்கே நிற்கின்றன அல்லது எங்கே திரும்புகின்றன என்னும் நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். நுண்மண்ணை ஈரமாக்கிக் கையில் உருட்டினால், உருண்டை பிடிக்காமல் உதிர்வது மணல். உருண்டையாகி, நாடாவாக இழுத்தால் சில சென்டிமீட்டரில் அறுவது மணற்பாங்கான கலப்புமண். பிறகு மேலே சொன்ன கணக்கைப் போட்டால் நீர்ச்சேமிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். அது 50 மில்லிமீட்டருக்கு மேல் இருந்து, சரிவும் மிதமாக இருந்தால், கல்வரப்பும் பிறைவடிவப் பாத்தியும் அமைத்து ஆழவேர் மரங்களை நடலாம். பாத்தியின் மேற்புறம் நீரை வழங்கும் வெற்றிடத்தை விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் ஒரு மரத்துக்குத் தேவையான நீர் அதன் குழியில் மட்டும் பெய்வதில்லை. குழிக்குள் பொறுக்கிய கல்லையே கன்றைச் சுற்றி மூடாக்காகப் பரப்புவது ஆவியாதலைக் குறைக்கும். ஆனால் தண்டைத் தொடும்படி அடுக்கக் கூடாது, நண்பகலில் கல்லின் சூடு இளந்தண்டின் பட்டையைப் பொசுக்கிவிடும். சேமிப்பு 20 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ, அடியில் கடும்பாறை, சரிவும் செங்குத்து என்றால், அங்கே ஏற்கெனவே நிற்கும் புல்லையும் புதரையும் மேய்ச்சலிலிருந்து சில ஆண்டுகள் காப்பதே செய்யக்கூடியதில் சிறந்தது. குழி வெட்டுவதற்காகக் கிளறும் மண்கூட அங்கே அடுத்த மழையில் கீழே போய்விடும்.